புது ஆக்சலாட்டலைப் பழைய தொட்டியில் விடும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆக்சலாட்டல் என்பது வாழ்நாள் முழுக்கச் செவுளோடு தண்ணீரிலேயே இருக்கும் ஒரு சாலமாண்டர் வகை. அதை வளர்க்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பதில் பாதி, இரண்டாவதாக ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவரும்போது வரும் சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைத்தால் உதவும் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். முடிந்தால் வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பல பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

என் ஆக்சலாட்டல் தனியா இருக்கு, பார்க்கவே பாவமா இருக்கு. துணைக்கு ஒண்ணு வாங்கட்டுமா?

அதற்குத் துணை தேவையில்லை. ஆக்சலாட்டல் கூட்டமாக வாழும் பிராணி இல்லை. மெக்சிகோ நகரத்தின் தெற்கே இருக்கும் சோச்சிமில்கோ ஏரியும் அதன் கால்வாய்களும்தான் இதன் பூர்வீகம். அங்கேயும் இணைசேரும் காலத்தைத் தவிர ஒன்றை ஒன்று தேடிப் போவதில்லை. தொட்டியின் மூலையில் மணிக்கணக்காக அசையாமல் கிடப்பது ஏக்கம் இல்லை, பகலில் அது அப்படித்தான் இருக்கும்.

வளர்ந்த இரண்டு ஆக்சலாட்டல்கள் போதுமான இடம் இருந்தால் ஒரே தொட்டியில் தொந்தரவில்லாமல் வாழ முடியும். அதனால் இரண்டாவது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆசை நம்முடையது. ஏற்கெனவே இருக்கும் விலங்குக்கு இதில் லாபம் எதுவும் இல்லை, நஷ்டம் மட்டும் வரலாம். அந்த நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்வது முழுக்க நம் பொறுப்பு.

ரெண்டுக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேணும்? இப்ப இருக்கறது ரெண்டடி தொட்டி.

இரண்டடித் தொட்டி போதாது. வளர்ந்த ஆக்சலாட்டல் 20 முதல் 30 செ.மீ. வரை நீளம் இருக்கும். ஒன்றுக்கே 100 லிட்டர் வேண்டும். இரண்டுக்கு 150 லிட்டருக்குக் கீழே போகாதீர்கள், 200 இருந்தால் நல்லது. இவை தரையில் நடந்து திரிபவை என்பதால் உயரத்தைவிடத் தரைப்பரப்புதான் முக்கியம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம் உள்ள தொட்டி குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடியில் சின்னக் கூழாங்கல் போட்டிருந்தால் புதியது வருவதற்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள். ஆக்சலாட்டல் வாயைத் திறந்து இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். கூடவே கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும். பக்கத்தில் இன்னொன்று போட்டிக்கு இருந்தால் அவசரமாக உறிஞ்சுவது இன்னும் கூடும். நைஸான மணல் போடலாம், வெறும் கண்ணாடித் தரையாகவும் விடலாம்.

தொட்டி ஒரு வருஷமா நல்லா ஓடுது, சைக்கிள் எல்லாம் ஆயிடுச்சு. நேரா உள்ளே விட்டுடலாம்ல?

வேண்டாம், இரண்டு காரணங்கள் இருக்கின்றன. முதலாவது நோய், அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். இரண்டாவது, சைக்கிள் ஆன தொட்டி, அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா நிலைபெற்ற தொட்டி, இப்போது உள்ளே இருக்கும் விலங்கின் கழிவுக்கு மட்டும் பழகியது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கிடைக்கும் உணவுக்கு ஏற்ற அளவில்தான் பெருகியிருக்கும். ஆக்சலாட்டல் நிறையக் கழிவு போடும் விலங்கு. ஒரே நாளில் அந்தக் கழிவு இரட்டிப்பானால் பாக்டீரியா ஈடுகொடுக்கச் சில நாள், சில வாரம்கூட ஆகலாம். அதுவரை இரண்டு விலங்கும் அம்மோனியாவில் கிடக்கும்.

அதனால் புதியதை விடும் முன்பே இன்னொரு ஸ்பான்ஜ் ஃபில்டரைப் பழைய தொட்டியில் போட்டு ஒன்றரை மாதமாவது ஓடவிடுங்கள். விட்ட பிறகு முதல் இரண்டு வாரம் தினமும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், நைட்ரேட் 20 பிபிஎம் பக்கத்தில் நின்றால் நல்லது. முதல் இரண்டில் எது தலைகாட்டினாலும் அன்றே தண்ணீர் மாற்றுங்கள். தண்ணீர் தெளிவாகத் தெரிகிறது என்பதை நம்பாதீர்கள், அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

பார்க்க நல்ல ஆரோக்கியமா, துறுதுறுன்னு இருக்கு. தனியா வைக்கணும்னு கட்டாயமா?

கட்டாயம்தான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். நீர்நில வாழ்வனவற்றைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையையும் ரானா வைரஸ் வகைகளையும் ஒரு விலங்கு வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் சுமந்துகொண்டிருக்க முடியும். குடல் ஒட்டுண்ணிகளும் அப்படித்தான். கடையில் பார்த்தபோது நன்றாக இருந்தது என்பது அந்த நேரத்து நிலை மட்டுமே. கடை மாறி, பையில் அடைபட்டு, பயணம் செய்து வந்த அலைச்சலில் எதிர்ப்புசக்தி குறையும்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வரும்.

குறைந்தது 30 நாள் தனியாக வையுங்கள். மீன்களோடு ஒரே தண்ணீரில் வைத்திருந்த கடையிலிருந்து வாங்கியது என்றால் நான் ஆறு வாரம் சொல்வேன். உணவு வைக்கும் தரமான, மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா போதும். மூடியில் காற்றுக்குத் துளை போடுங்கள். உடம்பு முழுக்க மூழ்கித் திரும்ப இடம் வேண்டும், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு வேண்டும். ஃபில்டர் இல்லாததால் தினமும் முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும். ஆன்டி குளோரின் போட்டு, பழைய தண்ணீரின் அதே குளிர்ச்சிக்குக் கொண்டுவந்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கற்றாழைச் சாறு சேர்த்த ஆன்டி குளோரினும் விற்கிறது, அது வேண்டாம்.

இந்தக் காலம் முழுக்க வலை, இடுக்கி, வாளி எல்லாம் தனி. பழைய தொட்டியின் வேலையை முதலில் முடித்துவிட்டுக் கடைசியில்தான் டப்பா பக்கம் போங்கள், பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள். ஒரே வலையை இரண்டிலும் விட்டால் தனிமைப்படுத்தியதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

ஒரே ஆள்கிட்ட, ஒரே முட்டைக் கூட்டத்துல பிறந்ததுதான் ரெண்டும். அதுக்குமா?

ஆமாம். அண்ணன் தம்பி என்றாலும் கடந்த சில மாதங்கள் வேறு வேறு தண்ணீரில் இருந்தவை. கூடவே இன்னொரு விஷயம்: உடன்பிறந்தவை என்று அவை ஒன்றையொன்று விட்டுவைப்பதும் இல்லை, இணைசேராமல் இருப்பதும் இல்லை. இரண்டையும் பற்றிக் கீழே வருகிறது.

கூரியர்ல வந்த பையை எவ்வளவு நேரம் மிதக்கவிடணும்? சொட்டுச் சொட்டா தண்ணி கலக்கணுமா?

பையை மிதக்கவிடுவது டப்பாவின் தண்ணீரில்தான், பழைய தொட்டியில் இல்லை. வெப்பநிலை சமமாகும் வரை, சுமார் அரைமணி நேரம் போதும்.

நெடுநேரம் பையில் வந்த விலங்குக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலப்பதை நான் சொல்ல மாட்டேன். பைக்குள் கழிவு சேர்ந்து அம்மோனியா கூடியிருக்கும். அதே நேரம் அது வெளிவிடும் கரியமில வாயு தண்ணீரின் பிஎச்சைக் குறைத்து, அம்மோனியாவை அதிகம் விஷமில்லாத வடிவில் வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அம்மோனியாவின் விஷமும் ஏறும். அந்தத் தண்ணீரிலேயே ஒரு மணி நேரம் வைத்திருப்பது நல்லதற்கில்லை. வெப்பநிலை சமமானதும் பையைத் திறந்து, ஈரக் கையாலோ மென்மையான வலையாலோ விலங்கை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள்.

அன்று சாப்பாடு போட வேண்டாம். வெளிச்சத்தைக் குறைத்து, பேசாமல் விட்டுவிடுங்கள்.

சென்னை வெயில்ல சில்லர் இல்லாத டப்பால ஒரு மாசம் எப்படி வைக்கிறது?

நம் ஊரில் இதுதான் உண்மையான சிக்கல். ஆக்சலாட்டலுக்குச் சரியான வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 20ஐத் தாண்டினால் சிரமம் தொடங்கும், 24ல் தொடர்ந்து இருந்தால் உயிருக்கே ஆபத்து. மின்விசிறியைத் தண்ணீர் மேல் ஓடவிட்டால் ஆவியாகிக் கொஞ்சம் குளிரும் என்பது சரி. ஆனால் கடலோர ஊரின் புழுக்கத்தில் இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கும். 31 டிகிரி 28 ஆவதால் இந்த விலங்குக்குப் பயன் இல்லை.

செய்யக்கூடியது: டப்பாவை ஏசி அறையில், மீன் அனுப்பும் தெர்மாக்கோல் பெட்டிக்குள் வையுங்கள். சின்ன பாட்டில்களில் தண்ணீரை உறையவைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே பெரிய பாட்டில் போட்டால் சட்டென்று இறங்கிச் சட்டென்று ஏறும், அந்த ஏற்ற இறக்கம்தான் விலங்கைக் கெடுக்கும். தினசரித் தண்ணீருக்கு நல்ல வழி ஒன்று உண்டு. பழைய தொட்டியில் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் ஓடினால், அங்கிருந்து சுத்தமான வாளியில் தண்ணீர் எடுத்து டப்பாவில் ஊற்றுங்கள். குளோரின் இல்லை, குளிர்ச்சியும் சரியாக இருக்கும். பழைய தொட்டிக்குப் புதுத் தண்ணீர் நிரப்பிவிடுங்கள். டப்பாவில் இருந்த தண்ணீர் மட்டும் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குத் திரும்பக் கூடாது.

இதற்கெல்லாம் வசதி இல்லை என்றால் வாங்குவதை மார்கழி தைக்குத் தள்ளிப்போடுங்கள். சித்திரையில் புது ஆக்சலாட்டல் வாங்காதீர்கள் என்று கேட்பவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். பயணத்திலேயே பாதி உயிர் போய்விடும்.

எங்க வீட்ல போர் தண்ணிதான். ஆர்.ஓ. தண்ணி ஊத்தினா சுத்தமா இருக்கும்ல?

வெறும் ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம். அதில் தாது உப்புகள் போய்விடும், பிஎச்சும் நிலையாக நிற்காது. ஆக்சலாட்டலுக்குக் கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் பிடிக்கும், பிஎச் 7.4 முதல் 7.6 வரை இருப்பது உத்தமம். போர் தண்ணீர் கடினமாக இருப்பது பல வீடுகளில் நல்லதாகவே முடிகிறது. உப்புக் கரிக்கும் தண்ணீர் என்றால் மட்டும் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து குறைக்கலாம். போர் தண்ணீரில் நைட்ரேட் ஏற்கெனவே அதிகமாக இருக்கலாம், ஒருமுறை டெஸ்ட் கிட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டப்பாவிலும் தொட்டியிலும் ஒரே மாதிரித் தண்ணீர் இருந்தால் பின்னால் இடம் மாற்றும்போது விலங்குக்குச் சிரமம் இருக்காது.

பழசு 22 செ.மீ., புதுசு 9 செ.மீ. சேர்த்து விட்டா பழசு பார்த்துக்குமா?

தின்றுவிடும். ஆக்சலாட்டலுக்குக் கண்பார்வை குறைவு. வாய்க்கு அருகில் அசைவது எதுவும் அதற்கு இரைதான். உறிஞ்சிய பிறகுதான் அது புழுவா, தம்பியின் காலா என்பது தெரியும். வாய்க்குள் முழுதாக அடங்கக்கூடிய அளவில் இன்னொன்று இருந்தால் விழுங்கப் பார்க்கும். சிறியது செத்துப்போகும், தொண்டையில் சிக்கினால் பெரியதும் சாகலாம்.

இரண்டும் 15 செ.மீ. தாண்டியிருக்க வேண்டும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று செ.மீ.க்குள் இருக்க வேண்டும். நீளத்தோடு தலையின் அகலத்தையும் பாருங்கள். வால் நீண்டு தலை சின்னதாக இருக்கும் விலங்கு அளவுநாடாவில் பெரியதாகத் தெரியும். 10 செ.மீ.க்குக் கீழே உள்ள குஞ்சுகள் தமக்குள்ளேயே கடித்துக்கொள்ளும், அந்த வயதில் எதையும் எதோடும் சேர்க்காதீர்கள். வெட்டுப்பட்ட கால் மறுபடி முளைக்கும் என்பது உண்மைதான். முளைக்கும் என்பதற்காகக் கடிபட விடுவது சரியில்லை.

வெள்ளையும் கறுப்பும் ஒத்துப் போகுமா?

நிறத்தால் எந்த வித்தியாசமும் இல்லை, எல்லாம் ஒரே இனம். 1864ல் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்கு வந்து சேர்ந்த 34 விலங்குகளில் ஆறு, விலங்கியல் அறிஞர் அகுஸ்த் துய்மெரிலிடம் போயின. அந்த ஆறில் வெள்ளை ஆண் ஒன்றும் இருந்தது. இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களிலும் வீடுகளிலும் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்த வழிவந்தவை. சிவந்த கண்ணுள்ள அல்பினோவுக்கு மட்டும் வெளிச்சம் கூச்சமாக இருக்கும், அது வரும்போது விளக்கைக் குறைத்து, கூடுதலாக ஒரு நிழல் இடம் செய்து கொடுங்கள்.

ஆணா பெண்ணான்னு கடைக்காரருக்கே தெரியலை. பரவாயில்லையா?

சின்ன வயதில் யாராலும் சொல்ல முடியாது. சுமார் 18 செ.மீ. ஆன பிறகுதான் பின்னங்கால்களுக்குப் பின்னால், வாலின் தொடக்கத்தில் வித்தியாசம் தெரியும். ஆணுக்கு அந்த இடம் இருபக்கமும் நன்றாகப் புடைத்திருக்கும். பெண்ணுக்குப் புடைப்பு லேசாக இருக்கும், உடம்பு அகலமாக இருக்கும். சில ஆண்கள் ஒன்றரை வயது வரை காட்டிக்கொடுக்காது.

தெரியாத நிலையில் சேர்க்க வேண்டாம் என்பேன். ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருந்தால் முட்டை வருவதைத் தடுக்க முடியாது. ஒருமுறைக்குச் சில நூறு முட்டைகள், ஆயிரம்கூடப் போகும். ஆண் விடாமல் துரத்தினால் பெண் மறுபடி மறுபடி முட்டையிட்டுத் தளர்ந்துபோகும். ஒன்றரை வயதுக்கு முன்பு முட்டையிடும் பெண்ணின் உடல்நிலை மோசமாகும். அதனால் இரண்டு ஆண் அல்லது இரண்டு பெண் என்பதே நல்ல ஜோடி. வாங்கியே விட்டீர்கள் என்றால், அடையாளம் தெரியும் வரை தொட்டியின் நடுவே தடுப்பு இருக்கட்டும்.

ஒரு மாசம் முடிஞ்சுது, ரெண்டும் நல்லா இருக்கு. விடற அன்னிக்கு என்ன பண்ணணும்?

நல்லா இருக்கு என்றால் என்ன என்பதை முதலில் பாருங்கள். ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், கழிக்க வேண்டும், செவுள்கள் விரிந்து இருக்க வேண்டும், பஞ்சு மாதிரிப் பூஞ்சை எங்கும் இருக்கக் கூடாது, மேலே மிதக்கக் கூடாது. கடைசி இரண்டு வாரத்தில் இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் தனிமை நாட்களை மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள்.

தொட்டிக்குள் மறைவிடங்கள் விலங்குகளின் எண்ணிக்கையைவிட ஒன்றாவது அதிகம் இருக்கட்டும். இரண்டுக்கு மூன்று. பழையது தினமும் படுக்கும் குழாயை இடம் மாற்றி எல்லாவற்றையும் புதிதாக அடுக்குங்கள். இரண்டுக்கும் வயிறு நிறைய மண்புழு கொடுத்து, அடுத்த நாள் சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். முதல் ஒரு வாரம் துளையுள்ள தடுப்பு வைத்து, ஒரே தண்ணீரில் தனித்தனியாக இருக்கவிடுவது எனக்குப் பிடித்த முறை. அதற்குள் மூன்றாவது கேள்வியில் சொன்ன அம்மோனியா கணக்கும் தெரிந்துவிடும்.

தடுப்பை எடுப்பது விடுமுறை நாளாக இருக்கட்டும், நாள் முழுக்க அவ்வப்போது பார்க்க முடியும். அதன் பிறகு சாப்பாடு எப்போதும் இடுக்கியால், ஒன்று தொட்டியின் இந்த முனையில், இன்னொன்று அந்த முனையில். கைநிறைய ரத்தப்புழுவைக் கொட்டினால் இரண்டும் ஒரே இடத்தில் மோதும். பெரும்பாலான கடிகள் சாப்பாட்டு நேரத்தில்தான் நடக்கின்றன.

விட்ட ரெண்டாம் நாளே புதுசோட முன்னங்காலைப் பழசு கடிச்சிடுச்சு. என்ன மருந்து போடணும்?

முதல் வேலை, பிரிப்பது. கடிபட்டதைக் குளிர்ந்த சுத்தமான தண்ணீருள்ள டப்பாவுக்கு மாற்றுங்கள், முறை நான்காவது கேள்வியில் உள்ளதேதான். மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. தினமும் தண்ணீர் மாற்றினால் காயம் தானே மூடிவிடும். இளசுக்கு இரண்டு மாதத்தில் கால் திரும்ப வரும், வளர்ந்ததற்கு இன்னும் நாளாகும். நாட்டு வாதாம் மரத்தின் காய்ந்த இலையை நன்றாகக் கழுவிப் போடலாம். பூச்சி மருந்து தெளிக்காத மரமாக இருக்க வேண்டும்.

மீன்களுக்கு விற்கும் மருந்துகளைக் கேட்காமல் ஊற்றாதீர்கள். செம்பு கலந்தவை இவற்றின் மெல்லிய தோலுக்கு விஷம். காயத்தில் வெள்ளைப் பஞ்சு படர்ந்தாலோ, சதை சிவந்து அழுகினாலோ நீர்நில வாழ்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறும் வரை மறுபடி சேர்க்க வேண்டாம், பாதி முளைத்த கால் அசைந்தால் அது பழையதைக் கடிக்கக் கூப்பிடுவது மாதிரி.

கடிக்கலை. ஆனா புதுசு சாப்பிடவே இல்ல, செவுள் முன்னாடி வளைஞ்சே இருக்கு.

செவுள் முன்னோக்கி வளைவதும் வால்நுனி கொக்கிபோல மடங்குவதும் சிரமத்தின் அடையாளங்கள். பழையதைக் குறை சொல்லும் முன் தண்ணீரைப் பாருங்கள்: வெப்பநிலை, அம்மோனியா, அப்புறம் நீரோட்டம். இரண்டு ஃபில்டர் ஓடுவதால் நீரோட்டம் பலமாகியிருக்கும். கிட்டத்தட்ட தேங்கிய நீரில் வாழும் விலங்கு இது, ஓட்டத்தை எதிர்த்து நிற்பது அதற்கு ஓயாத வேலை. ஃபில்டரின் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள்.

வளர்ந்தது ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தால் உடனே பதற வேண்டியதில்லை. 10 செ.மீ. குஞ்சு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் பதறலாம். தண்ணீர் சரியாக இருந்தும் ஒரு வாரத்தில் மாறவில்லை என்றால் டப்பாவுக்கே திருப்பி எடுங்கள்.

பழசு செத்துப்போச்சு. அதே தொட்டியில புதுசை விடலாமா?

எதனால் இறந்தது என்பதைப் பொறுத்தது. மின்சாரம் போய் சில்லர் நின்று வெயிலில் இறந்தது உறுதி என்றால் தொட்டியில் தவறில்லை. மின்தடைக்கு வழி செய்யாமல் அடுத்ததை வாங்காதீர்கள், அவ்வளவுதான். தோல் உரிந்தோ, புண் வந்தோ, காரணமே தெரியாமலோ இறந்திருந்தால் எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். ஸ்பான்ஜ், மணல், செடி, மரக்கட்டை எல்லாம் குப்பைக்கு. கண்ணாடியையும் குழாய்களையும் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்துக் கழுவி, பல நாள் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பாக்டீரியாவும் போய்விடும் என்பதால் சைக்கிளை முதலிலிருந்து தொடங்க வேண்டும். மனம் கனக்கும் வேலைதான். ஆனாலும் வரப்போகும் விலங்குக்காகச் செய்ய வேண்டியது.

வீட்ல வெச்சுக்க லைசென்ஸ் ஏதாவது வேணுமா? முட்டை வந்தா விக்கலாமா?

ஆக்சலாட்டல் சர்வதேச அழிநிலை உயிரின வணிக ஒப்பந்தமான சைட்டஸின் இரண்டாம் பட்டியலில் உள்ள விலங்கு. இந்தியாவில் 2022ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்டஸ் பட்டியல் விலங்குகளை வைத்திருப்பவர்கள் பதிவு செய்வதற்கான விதிகள் 2024ல் வந்தன. பதிவு மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில். வைத்திருப்பது மட்டுமல்ல, கைமாற்றுவது, பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். வாங்கும் இடத்திலேயே ரசீதும் ஆவணமும் கேளுங்கள், தர மறுத்தால் வாங்காதீர்கள்.

ஆக, முட்டை வந்தால் அது விற்கும் சரக்கு இல்லை. வளர்க்க இடமும் ஆளும் இல்லை என்றால், முட்டையிட்ட முதல் ஓரிரு நாளிலேயே எடுத்து ஃப்ரீசரில் வைத்துவிடுவதுதான் சரியான வழி. குளத்திலோ ஏரியிலோ எதையும் விடாதீர்கள். நம் வெயிலில் அவை துடித்துச் சாகும், சாகும் முன் கொண்டுவந்த நோயை நம் தவளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகும்.

எல்லாம் பண்ணியும் ஒத்துப்போகலைன்னா?

சில விலங்குகள் ஒத்துப்போகாது. ஒன்று எப்போதும் மேலே வந்து மிதந்தபடி இருப்பது, செவுள் நார்கள் குறைந்துகொண்டே வருவது, ஒன்று மட்டும் மெலிவது, இவை அதற்கான அடையாளங்கள். ஒருமுறை கடித்தது என்றால் மேலே சொன்னபடி ஆறவைத்து, தடுப்போடு மறுபடி முயலலாம். ஆறிய பிறகும் கடித்தால் மூன்றாவது முயற்சி வேண்டாம்.

நிரந்தரத் தடுப்பு ஒரு வழி. அப்போது இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போதுமான தரைப்பரப்பு இருக்க வேண்டும். இரண்டாவது தொட்டி அதைவிட நல்ல வழி. இரண்டுமே தனிமைக்காலத்தை முடித்தவை என்பதால், தொட்டிகளைக் குழாயால் இணைத்து ஒரே சில்லரில் ஓட்டலாம், செலவு குறையும். இதற்கும் இடமில்லாத வீட்டில், புதியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறாரா என்று விற்பவரிடம் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவையுங்கள்.